ஹோமில் வளரும் பதின்வயதுப் பையன்கள்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்குச் சேரும் வார்டன்கள், சனி ஞாயிறு பாடம் சொல்லித்தர வரும் கல்லூரிப் பிள்ளைகள், நன்கொடை தர நினைப்பவர்கள், "என் தங்கச்சி பையனை ஹோம்ல சேக்கலாமா சார்?" என்று கேட்கும் தாய்மாமன்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. ஹோம் எனப்படும் குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் 13 முதல் 18 வயதுப் பையன்களைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஹோமில் இருக்கிற பசங்க எல்லாரும் பெற்றோர் இல்லாதவர்கள்தானே?

பெரும்பாலோர் அப்படி இல்லை. அம்மா இருப்பார், நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். அப்பா குடித்துக் குடித்தே போயிருப்பார், அல்லது சிறையில் இருப்பார். அம்மா மறுமணம் செய்த வீட்டில் இவனுக்கு இடமில்லாமல் போயிருக்கும். பாட்டி வளர்த்து, பாட்டி போனபிறகு வந்தவன் உண்டு. வீட்டில் சண்டை போட்டு ரயிலேறி சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்கியவன் உண்டு.

அதனால் ஹோமில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியது, இவன் வீட்டிலேயே இருக்க வழி உண்டா என்பது. வறுமைதான் காரணம் என்றால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் ஒரு குழந்தைக்கு மாதம் ₹4,000 கிடைக்க வாய்ப்பு உண்டு. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், தீராத நோயில் இருப்பவர் போன்றோரின் பிள்ளைகளுக்கானது அது. நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ₹96,000-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். "ஹோம்ல போட்டா மூணு வேளை சாப்பாடாவது கிடைக்கும்" என்று வரும் அம்மாக்களிடம் இதைச் சொல்லாமல் பையனை வாங்கிக்கொள்ளும் இல்லங்கள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை.

கெல்லீஸ் மாதிரியா இதுவும்?

இல்லை. கெல்லீஸில் இருப்பது கூர்நோக்கு இல்லம். ஏதாவது வழக்கில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் சிறுவர்களுக்கானது. ராயபுரத்தில் இருக்கும் அரசினர் இல்லமும், தனியார் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுவோருக்கானவை. ஊரில் எல்லாவற்றையும் "சீர்திருத்தப் பள்ளி" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். பள்ளியில் அதைக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி சாப்பிடாமல் படுக்கும் பையனைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனசு வராது.

நேராகப் போய் ஒரு பையனைச் சேர்த்துவிட முடியுமா?

முடியாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன்படி, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வேண்டும். குழந்தை கிடைத்ததிலிருந்து, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் குழந்தையைக் கொண்டுபோக வேண்டும். இல்லமும் அந்தச் சட்டத்தின் 41-வது பிரிவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவுச் சான்று கேட்டால் தயங்கும் இடத்தில் பிள்ளையையும் விடாதீர்கள், பணத்தையும் கொடுக்காதீர்கள். தெருவில் தனியாக ஒரு சிறுவனைப் பார்த்தால் 1098-க்கு அழைத்தால் போதும்.

புதுசா வந்தவன் யாரோடும் பேச மாட்டேங்கிறான். சோற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். என்ன செய்வது?

சோற்றை ஒளித்து வைப்பவன் திருடன் இல்லை. நாளைக்குச் சோறு வரும் என்று இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். எல்லார் முன்னாலும் தலையணையைத் தூக்கிக் காட்டினால் நம்பிக்கை வர இன்னும் நாளாகும். ஒரு டப்பாவில் பிஸ்கட்டோ பொரியோ போட்டு, "இது உன்னோடது, எப்ப வேணா எடுத்துக்கோ" என்று கொடுத்துவிடுங்கள். பல பையன்களுக்கு அந்த டப்பா கொஞ்ச நாளில் தேவைப்படாமல் போய்விடும். அவன் வயிறு நிறையும் வரை இரண்டாம் முறை, மூன்றாம் முறை சோறு போடுங்கள். பதினாலு வயசில் பையன்களுக்கு வரும் பசி கணக்கில் அடங்காது, சமையல்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பேசாமல் இருப்பதற்கு வருவோம். எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "மனசுல இருக்கிறதைச் சொல்லுப்பா" என்றால் தரையைப் பார்ப்பான். ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலிங் தருபவர்) வரட்டும், ஆனால் முதல் வாரத்திலேயே நோட்டும் பேனாவுமாக வர வேண்டாம். பையன்கள் கை ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் வாய் திறப்பார்கள். துணி துவைக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது. வடசென்னையில் கேரம் போர்டுக்கு இணையான ஆலோசனை மேஜை கிடையாது. (2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண் என்பதை நம் பசங்களிடம் சொன்னால், அன்று காயின் அடிக்கிற வேகமே வேறாக இருக்கும்.)

இதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பையனுக்கும் ஊழியர்களில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஜுரம் வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போய் உட்காருவதும், பிறந்தநாள் ஞாபகம் வைத்திருப்பதும் அவரே. "எல்லாரும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெருமையாகச் சொல்லும் இல்லங்களில் அவன் செருப்பு அறுந்து போனதை ஒருவாரம் யாரும் கவனிப்பதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு அடிகூட அடிக்காமல் பதினைந்து வயசுப் பையனை அடக்க முடியுமா?

முதலில் சட்டம். இல்லத்தின் பொறுப்பாளரோ ஊழியரோ ஒழுக்கம் கற்பிப்பதற்காக அடித்தாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-வது பிரிவில் குற்றம். முதல் தடவை ₹10,000 அபராதம். மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். கொடுமை என்ற அளவுக்குப் போனால் 75-வது பிரிவு. இல்ல ஊழியருக்கு ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் கிடைக்கலாம்.

சட்டத்தை விடுங்கள். அவன் உங்களைவிடப் பலமாக அடிப்பவர்களிடம் வாங்கியவன். உங்கள் பிரம்பு அவனுக்குப் பழைய சங்கதி. எத்தனை நிமிஷத்தில் முடியும் என்றுகூடத் தெரியும்.

விதிகள் குறைவாக இருக்கட்டும், சுவரில் எழுதியிருக்கட்டும், வார்டன் மாறினால் மாறாமல் இருக்கட்டும். விதிகளை எழுதும்போது பையன்களையும் உட்கார வையுங்கள். பிள்ளைகளே உறுப்பினராக இருக்கும் குழந்தைகள் குழு அமைக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளே சொல்கின்றன. பல இடங்களில் அது ஆய்வுக்கு அதிகாரி வரும்போது எடுத்துக்காட்டும் நோட்டாக மட்டும் இருக்கிறது. நிஜமாகக் கூட்டிப் பாருங்கள். பசங்க போடும் தண்டனை நம்முடையதைவிடக் கடுமையாக இருக்கும், நாம்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

கண்ணாடியை உடைத்தவன் கண்ணாடி போட வருபவரோடு நின்று எடுபிடி வேலை செய்யட்டும். தம்பியை அடித்தவன் அவனுக்கு ஒருவாரம் கணக்குச் சொல்லித்தரட்டும். சாப்பாட்டை நிறுத்துவது, அம்மாவின் போனை மறுப்பது, வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மிரட்டுவது ஆகிய மூன்றும் கூடாது. இன்னொன்று, ராத்திரி ஒன்பதுக்கு மேல் எந்தப் பஞ்சாயத்தும் வேண்டாம். அவனுக்கும் தூக்கம், உங்களுக்கும் களைப்பு, வார்த்தை தடித்துவிடும். "காலைல பேசலாம்டா, போய்ப் படு." காலையில் பாதிப் பிரச்சினை இருக்காது.

காலை ஐந்து மணிக்கு எழுப்புகிறோம். எழுந்திருக்க அடம் பிடிக்கிறார்கள்.

பருவ வயதில் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகும், அது உடம்பின் வேலை. அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பத்தரைக்குப் படுக்கவிட்டு ஐந்துக்கு எழுப்பினால் வகுப்பில் தூங்குவான், ஆசிரியர் சோம்பேறி என்பார். பத்து மணிக்குள் படுக்கவிட்டு, எழுப்புவதை ஆறு மணியாக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களாக எழட்டும்.

போன் கொடுக்கலாமா?

கொடுக்காவிட்டாலும் பள்ளியில் நண்பனின் போனில் பார்க்கிறான். ராத்திரி போர்வைக்குள் ஒளிந்து பிரீ ஃபயர் ஆடுவதைவிட, ஹாலில் எல்லார் கண்ணெதிரே ஒரு மணி நேரம் ஆடுவது மேல். பத்தாம் வகுப்பு வரை இல்லத்தின் பொதுப் போன் போதும்; அம்மாவோடு பேச மட்டும் கதவைச் சாத்திக்கொள்ள இடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்காதீர்கள்.

பதினேழு வயசானவனுக்குச் சொந்தப் போன் வேண்டும் என்பது என் கருத்து. பல நிர்வாகிகள் இதை ஏற்கமாட்டார்கள். ஆனால் பதினெட்டு முடிந்த அன்று ஓடிபி என்றால் என்னவென்று தெரியாதவனை வெளியே அனுப்புவது எந்த வகையில் பாதுகாப்பு? லோன் ஆப் எப்படி மிரட்டும், "உன் பேங்க் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் குடு, காசு தரேன்" என்று வருகிறவன் யார், அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்தால் போலீஸ் யாரைத் தேடி வரும், இதெல்லாம் நம் கூரையின் கீழ் இருக்கும்போதே கற்றுக்கொள்ளட்டும். ஆதரவில்லாத பையன்களைத்தான் இந்த ஆட்கள் குறி வைக்கிறார்கள்.

படிப்பில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறான். ஒரு நன்கொடையாளர் தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கப் பணம் தருகிறார். சேர்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பிலும், பிறகு வந்த ஏற்பாட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உயர்கல்விக்குப் போகும் பையனுக்கு மாதம் ₹1,000 வருகிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி என்பது நிபந்தனை. எட்டாம் வகுப்பில் நல்ல எண்ணத்தோடு பள்ளியை மாற்றிவிட்டு இரண்டையும் இழந்த பையன்கள் இருக்கிறார்கள். நன்கொடையாளரிடம் அந்தப் பணத்தில் மாலை டியூஷனுக்கு ஒரு நல்ல ஆசிரியரை வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்க வேண்டும், ஆனால் சின்னப் பையன்களோடு உட்கார வைக்கக் கூடாது. கிரிக்கெட் செய்தி, சினிமா விமர்சனம், பைக் விளம்பரம் என்று எதையாவது படிக்கட்டும்.

எல்லாரும் பிளஸ் டூ முடிக்க வேண்டியதில்லை. கிண்டி, வடசென்னை, அம்பத்தூர் அரசு ஐடிஐகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். மாதம் ₹750 உதவித்தொகையும் உண்டு. ஐடிஐ என்றால் முகம் சுளிக்கும் நிர்வாகிகள் தங்கள் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வர எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்று யோசிக்கட்டும்.

அம்மா வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. அன்று முழுக்க ரகளை செய்கிறான். அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

வேண்டாம். ரகளை செய்ய அவனுக்கு இடம் கொடுங்கள், அம்மாவைத் திட்ட மட்டும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவன் திட்டலாம், அது அவன் அம்மா. அன்று அவனுக்குப் பொறுப்பானவர் லீவில் இருந்தால்கூட ஒரு போன் போட்டுப் பேசட்டும். அடுத்த முறை அம்மா வரும் நாளைப் பையனிடம் முன்கூட்டிச் சொல்லாமல், அவர் பஸ் ஏறிவிட்டார் என்று தெரிந்தபிறகு சொல்லுங்கள். நெருங்கிய உறவினரின் திருமணம், சாவு, பெற்றோரின் கடும் நோய் போன்றவற்றுக்குச் சட்டப்படி பொதுவாக ஏழு நாள் வரை விடுப்பில் அனுப்ப முடியும். அனுமதி வாங்கி அனுப்புங்கள்.

ஓடிப்போய்விட்டால்?

உடனே காவல் நிலையத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும், "சாயங்காலம் வந்துடுவான்" என்று காத்திருக்கக் கூடாது. சேர்ந்த முதல் மாதத்திலும், பொங்கல் தீபாவளியை ஒட்டியும் கவனமாக இருங்கள். திரும்பி வந்ததும் முதல் கேள்வி "சாப்டியா?" என்பதாக இருக்கட்டும். ஏன் போனான் என்பதை மறுநாள் கேளுங்கள், ஏனென்றால் சில சமயம் அவன் எதிலிருந்தோ தப்பித்து ஓடியிருப்பான். பெரிய பையன் ஒருவனோ ஊழியரோ பாலியல் தொல்லை கொடுத்திருக்கலாம். போக்சோ சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான். தெரிந்தும் புகார் செய்யாமல் மூடி மறைப்பது குற்றம்; ஊழியர் செய்ததை மறைத்தால் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

கூல் லிப் (வாயில் அடக்கும் புகையிலை), போதை மாத்திரை?

பையைச் சோதிப்பதால் மட்டும் நிற்காது. எங்கிருந்து வாங்குகிறான் என்பதைவிட எந்த நேரத்தில் தேடுகிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் சும்மா இருக்கும் நேரம். வியாசர்பாடிப் பக்கம் சாயங்காலம் கால்பந்து ஆடும் பசங்களோடு சேர்த்துவிடுங்கள். அதையும் மீறினால் மருத்துவ உதவிதான். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ல் தமிழில் பேசலாம்.

என் பெண்ணின் பிறந்தநாளுக்குப் பசங்களுக்குப் பிரியாணி போட வேண்டும். என்ன செய்ய வேண்டும்?

போடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். ஆனால் சில விஷயங்கள். வரிசையில் நிற்கவைத்து "ஹாப்பி பர்த்டே" பாட வைக்காதீர்கள். பதினாறு வயசுப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சம் என்று உங்கள் வீட்டுப் பையனைக் கேளுங்கள். போட்டோ எடுத்துப் போடாதீர்கள். இப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை செய்கிறது, ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. அதைவிடப் பெரிய தண்டனை, மறுநாள் வகுப்பில் ஒருவன் அந்தப் போட்டோவைக் காட்டி "டேய், ஓசி பிரியாணி" என்பது.

முகூர்த்த நாட்களில் இரண்டு மூன்று பேர் ஒரே நாளில் பிரியாணி கொண்டுவந்து இறக்குவார்கள். அதேநேரம் ஷேவிங் செட், ஜட்டி, பெரிய சைஸ் பள்ளி ஷூ, டியூஷன் மாஸ்டரின் சம்பளம் இதற்கெல்லாம் ஆள் இருக்காது. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பணம் இல்லை, நேரம் கொடுக்கிறேன். வரலாமா?

காவல்துறை சரிபார்ப்பு முடித்துவிட்டு வாருங்கள். மாதம் ஒரு ஞாயிறு வந்தாலும் போதும், ஆனால் அந்த ஞாயிறு தவறக் கூடாது. மூன்று வாரம் தொடர்ந்து வந்து, "அண்ணா, அண்ணா" என்று பழகியபிறகு செமஸ்டர் என்று காணாமல் போவதாக இருந்தால் வரவே வேண்டாம். போகத்தான் வேண்டும் என்றால் சொல்லிவிட்டுப் போங்கள். ஊழியர் வேலையை விடும்போதும் இதே கதைதான். ராத்திரியோடு ராத்திரியாக வார்டன் மாறிவிடுவது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் முன்பே சொல்லி, உட்கார்ந்து சாப்பிட்டு, பையனின் பொறுப்பை இன்னொருவரிடம் அவன் எதிரிலேயே ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

என்னென்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்?

பலரும் பதினெட்டு நெருங்கும்போதுதான் தேடுகிறார்கள். பதினாலிலேயே தொடங்குங்கள். பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், ஆதார். ஆதாரில் 15 வயதானதும் கைரேகை, கருவிழி, போட்டோ மூன்றையும் புதுப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் கல்லூரிச் சேர்க்கையில் போய் மாட்டுவான். வங்கிக் கணக்கைப் பத்து வயதுக்கு மேல் அவனே இயக்கலாம், ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது.

சாதிச் சான்று ஒரு பெரிய தலைவலி. ஆனால் பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க யாருமின்றி, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இடம்பெற்றிருக்கிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் "அப்படி எதுவும் இல்லை" என்றால் பட்டியலை அச்சிட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

ஒரு பையனை எங்கள் வீட்டில் வைத்து வளர்க்க முடியுமா?

இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-வது பிரிவில் வளர்ப்புப் பராமரிப்பு இருக்கிறது. தத்து போல இல்லை, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு குறிப்பிட்ட காலத்துக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வீட்டுக்கு வந்து பார்க்கும். கேட்பவர்களில் பெரும்பாலோர் சின்னக் குழந்தையைத்தான் கேட்கிறார்கள், மீசை அரும்பிய பையனை யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

பதினெட்டு முடிந்ததும் வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டுமா?

இல்லத்திலிருந்து போக வேண்டும், உதவியிலிருந்து போக வேண்டியதில்லை. அதே சட்டத்தின் 46-வது பிரிவு பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்டபின் தரும் உதவி, பற்றியது. 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை நீளலாம். மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு மாதம் ₹4,000 உண்டு. அதற்கான விண்ணப்பத்தைப் பதினேழரை வயதிலேயே நகர்த்துங்கள்.

பணத்தைவிடச் சிக்கல் தங்கும் இடம். சென்னையில் பேச்சிலருக்கே வீடு கொடுக்கத் தயங்குவார்கள், அதிலும் "அப்பா அம்மா எங்கப்பா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதவன் என்றால் கேட்கவே வேண்டாம். அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்து ஷேரிங் ரூமிலோ இரண்டு மூன்று பேராகச் சேர்த்து அனுப்புங்கள். போகும் முன்னால் சோறு வடிக்க, ரசம் வைக்க, மின்கட்டணம் கட்ட, டாக்டரிடம் தன் உடம்புக்கு என்ன என்று சொல்ல, வேலை பிடிக்கவில்லை என்றால் சண்டை போடாமல் விலக, இவ்வளவும் பழகியிருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் மணி அடித்தால் சாப்பிட்டவன் ரூமில் தனியாக இருக்கும் முதல் ஞாயிறு மத்தியானம் என்ன செய்வது என்று தெரியாமல் இல்லத்துக்குத்தான் வருவான். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தாமல் உள்ளே விடச் சொல்லுங்கள்.

போன பையன் போன் செய்து பணம் கேட்கிறான். கொடுக்கலாமா?

முதல் ஆண்டு கேட்கத்தான் செய்வான், வீட்டுப் பிள்ளையும் கேட்கிறான். சின்னத் தொகை என்றால் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், திரும்பி வரும் என்று கணக்கு எழுதாதீர்கள். பெரிய தொகை என்றால் போனில் முடிவு செய்யாமல் நேரில் வரச்சொல்லுங்கள். பைக் லோன், பெண் விஷயம், வேலை போனது, போலீஸ் என்று நிஜக் காரணம் நேரில்தான் வரும். இல்லத்தின் பணத்திலிருந்து கொடுத்தால் ரசீது, பதிவு எல்லாம் வேண்டும். உங்கள் கைப்பணம் என்றால் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பின்னால் பேச்சு வராது. பணம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லலாம், அவன் கோபித்துக்கொள்ளவும் செய்வான். அடுத்த வாரம் நீங்களே கூப்பிட்டு, வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள்.